அழித்த பெயர்

ஆம்பூர் தோல் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறைக்குள் தூசு போகக் கூடாது. பூங்காவனம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலில் நிற்பவள்போல் கைகட்டி நிற்கிறாள். போன வாரம் கழிவுத் தொட்டியில் இறங்கி மூச்சடைத்துச் செத்த தணிகைவேலின் மனைவி. அப்படி ஒருவன் இங்கே வேலையே செய்யவில்லை என்கிறது ஆபீஸ். காலையில் மேனேஜர் சொல்லி அவன் விவரத்தை அழித்தவர் ஆபரேட்டர் சுந்தரமூர்த்தி. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் விவரங்கள் பதியும் தட்டு சுழலும் மெல்லிய இரைச்சல். "அவரு பேர அழிச்சிட்டீங்களா சார்?" அவர் திரையைப் பார்த்தபடியே பேசுகிறார். "அட்டவணையிலருந்துதாம்மா பேர எடுத்தேன். உள்ள தட்டுல காந்தமா பதிஞ்சது அப்படியே இருக்குது. அதும்மேல வேற எதுனா எழுதினாதான் போவும்." கண்ணாடிக் கதவுக்கு வெளியே மேனேஜர் நிற்கிறார். "இன்னாய்யா, புது ஆளுங்க லிஸ்ட ஏத்தியாச்சா?" மேசையில் பன்னிரண்டு பெயர்கள் எழுதிய தாள். சுந்தரமூர்த்தியின் விரல்கள் கீபோர்டின்மேல் அப்படியே நிற்கின்றன. பிறகு கையை எடுத்து, சுவரிலிருக்கும் சுவிட்சை அணைக்கிறார். "மிஷின் ரிப்பேரு சார்." இரைச்சல் தேய்ந்து தேய்ந்து அடங்குகிறது. பூங்காவனம் கிட்டே வந்து பெட்டியின்மேல் உள்ளங்கையை வைக்கிறாள். இன்னும் சூடு இருக்கிறது.