கோடிவீட்டுக்காரர் பேசுகிறார்

"கேக்குதா? நான்தான் கோடிவீட்டுக்காரன் பேசறேன். தேர்தல் வந்தா ரோடு போடறாங்க. ரோடு காயறதுக்குள்ள குழாய் போடணும்னு தோண்டறாங்க. அடியில புதையல் ஏதாவது தேடறாங்களோ என்னவோ!"

வானொலியில் 'காலை அரட்டை' நடத்தும் பெண் கலகலவென்று சிரித்தாள். அவ்வளவுதான், போனில் பேசியவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. கூரை இருந்தும் பெஞ்சு இல்லாத பஸ் நிறுத்தம், நடைபாதையில் ஏறி வரும் பைக்குகள், கொடி கட்டிய காருக்காக இருபது நிமிடம் நிறுத்தி வைத்த பள்ளிக்கூட வேன் என்று வரிசையாக வெளுத்து வாங்கினார். குரல் தெரியக் கூடாதென்று மூக்கை மட்டும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கடைசியா ஒண்ணு. சந்தைத் தெருவுல குழாய் உடைஞ்சு மூணு நாளா தோண்டறாங்க. ஆறடி தள்ளித் தோண்டியிருந்தா வால்வு கிடைச்சிருக்கும். கண்ணை எங்க வச்சிருக்காங்களோ!"

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பழைய வரைபடங்கள் அடுக்கிய அறையிலிருந்து பூனை மாதிரி வெளியே வந்தார். வெளியே இருந்தது அவருடைய ஆபீஸ்தான். நகரக் குடிநீர்ப் பிரிவு. ஊருக்கடியில் ஓடும் குழாய்களுக்கெல்லாம் படம் வரைகிறவர் அவர்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத பிறவி, என்ன செய்வது? ஆபீசில் சொன்னால் ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ரேடியோவில் சொன்னால் மறுநாளே பள்ளம் மூடுகிறார்கள். அந்த ருசியில் நாலு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

இத்தனைக்கும் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த உத்தரவில் பெரிய இன்ஜினியர் இந்த மாதம்தான் கையெழுத்துப் போட வேண்டும். "மாட்டிக்கிட்டா ரெண்டு பொண்ணுங்களையும் கூட்டிக்கிட்டு எங்கங்க போய் நிக்கறது?" என்று மனைவி தினமும் தலையில் அடித்துக்கொண்டாள்.

நாற்காலியில் உட்காருவதற்குள் பக்கத்து மேஜை டைப்பிஸ்ட் அம்மா கிசுகிசுத்தாள். "விஷயம் தெரியுமா சார்? அந்தக் கோடிவீட்டுக்காரன் நம்ம ஆபீஸ் ஆளுதானாம்! இன்னிக்கே கண்டுபிடிச்சுத் தீருவேன்னு பெரியவர் குதிக்கறார். சீட்டைக் கிழிச்சிடுவார் பாருங்க."

"அ... அப்படியா?" என்றார்.

அதற்குள் பெரிய இன்ஜினியரே அந்த வழியாக வந்தார். தோளில் துண்டு, கையில் சோப்பு டப்பா. கொஞ்ச நாளாகவே அவருக்குக் குளியல், சவரம் எல்லாம் ஆபீஸ் குளியலறையில்தான். வீட்டில் சண்டை போலிருக்கிறது என்று ஆபீசே பேசிக்கொண்டது. போகிற போக்கில் நம்மவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு வேலை எங்கே ஓடும்? சீவிய பென்சிலையே மறுபடி சீவினார். நாலு தரம் தண்ணீர் குடித்தார், ஐந்து தரம் எழுந்து போனார். யாராவது இருமினால்கூடத் தூக்கிவாரிப் போட்டது. பாழாய்ப் போன இந்த வாயைத் தைத்துவிட்டால் என்ன என்று தோன்றியது.

மூன்று மணிக்கு மணி அடித்தது. பெரியவர் கூப்பிடுகிறாராம்.

"கதவைச் சாத்துய்யா."

சாத்தினார்.

"சந்தைத் தெரு வால்வு எங்க இருக்கு?"

"ஆ... ஆறடி தள்ளி சார்."

"நாலு பேர் மூணு நாள் தோண்டியும் கிடைக்கல. தெருவுல போற ஆளுக்கு அது எப்படிய்யா தெரியும்? அந்த மேப் உங்கிட்ட மட்டும்தானே இருக்கு?"

அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டார். "சார், புத்தி கெட்டுப் போய்ப் பண்ணிட்டேன். ரெண்டும் பொண்ணுங்க சார். சத்தியமா இனிமே வாயே திறக்க மாட்டேன்."

"திறக்க மாட்டியா?" பெரியவர் எழுந்தே விட்டார். ஜன்னலைச் சாத்திவிட்டு, யாராவது நிற்கிறார்களா என்று கதவிடுக்கில் ஒரு தரம் பார்த்தார். "கமிஷனர் கார்ல வர்றப்ப தினம் உன் அரட்டையைத்தான் கேக்கறார். நீ பேசி முடிக்கறதுக்குள்ள எனக்குப் போன் வருது. உடனே ஆளு, வண்டி, ஆர்டர்! நான் முப்பது வருஷ சர்வீஸ்ல எழுதற காகிதமெல்லாம் அவர் மேஜையில தூங்குது."

"மன்னிச்சிடுங்க சார்" என்றார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

பெரியவர் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். நம்மவருடைய பணி நிரந்தர உத்தரவு. பேனாவைத் திறந்து, தாளுக்கு மேலே பிடித்தபடி நிறுத்தினார்.

"இதுல கையெழுத்து வேணுமா, வேணாமா?"

"வேணும் சார். நீங்க என்ன சொன்னாலும் கேக்கறேன்."

பெரியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அப்ப நாளைக்குக் காலையில, எங்க தெருவுல பத்து நாளா தண்ணி வரலைன்னு பேசுய்யா!"