வாயிலுக்கு வெளியே ஐந்தாமவர்

கல்லூரி விடுதியில் காய்ச்சல் பரவியதும் கல்லூரி முதல்வர் ஹேமலதா ஆட்சிக்குழுவைக் கூட்டி ஒரே மணி நேரத்தில் விதியை எழுதி முடித்தார். காய்ச்சல் அடங்கும்வரை யாரும் உள்ளே வரவோ வெளியே போகவோ கூடாது, யாருக்கும் விதிவிலக்கு இல்லை. விதியைப் பதிந்துகொண்ட தானியங்கி வாயில் நண்பகலில் தானே பூட்டிக்கொண்டது. குழுவின் ஐந்தாவது உறுப்பினரான தனராஜ், மாற்றுத்துணி எடுக்க அப்போது வீட்டுக்குப் போயிருந்தார்.

மூன்றாம் நாள், இரண்டாம் ஆண்டு மாணவி முத்துப்பேச்சியின் அம்மா ஊரில் இறந்துபோனாள்.

"எங்கம்மா முகத்த ஒரு தடவ பாத்துட்டு வந்துருதேன், மேடம். நீங்க எழுதுனதுதான, நீங்களே மாத்துங்க."

விதியைத் திருத்தக் குழுவினர் ஐவரும் கல்லூரிக்குள் இருக்கும் மன்ற அறையில் கூடி, கருவியில் விரல்ரேகை வைக்க வேண்டும். ஹேமலதா தனராஜை வாயிலுக்கு வரச் சொன்னார்.

"இது திறந்தாத்தான மேடம் நான் உள்ள வரமுடியும்?" என்றார் அவர்.

"நீங்க உள்ள வந்தாத்தான் சார் இது திறக்கும்."

இருவரும் கம்பிகளைப் பிடித்தபடி நின்றார்கள்.

மாலையில் முத்துப்பேச்சியின் அப்பா, மனைவியின் உடலை வண்டியில் வைத்துக் கல்லூரிக்கே கொண்டுவந்துவிட்டார். நான்கு பேர் உடலை இறக்கி வாயிலருகே தூக்கி வந்தார்கள். முத்துப்பேச்சி கம்பிக்குள் கையை விட்டாள். எட்டவில்லை.

"இன்னுங் கொஞ்சம் கிட்ட கொண்டாங்கப்பா."

"தயவுசெய்து பத்தடி தள்ளி நில்லுங்கள்" என்றது வாயில். அதில் பதிவாகியிருந்தது ஹேமலதாவின் குரல்தான்.

முத்துப்பேச்சி திரும்பி அவரைப் பார்த்தாள்.

"நான் பேசலம்மா, சத்தியமா நான் இல்ல" என்றார் ஹேமலதா.

அதற்குள் முத்துப்பேச்சியின் அப்பா முதல்வரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, உடலோடு பத்தடி பின்னால் போயிருந்தார்.