புகையாத படகுக்கு ஐஸ்

தன் படகு இஞ்சின் மட்டும் ஏன் புகைகிறது என்று தங்கராசாவுக்கு விளங்கவே இல்லை.

மாங்கேணித் துறையில் மீன் வாங்கும் பக்கீர் முதலாளி, மீனில் புகை நாறுகிறது என்று சொல்லி, புகையாத படகுகளுக்கு ஐஸ் இனாம் என்று அறிவித்திருந்தார். மற்றவர்கள் இஞ்சினைச் சரிசெய்து ஐஸ் வாங்கிக்கொண்டார்கள். தங்கராசாவின் மீன் மட்டும் வெயிலில் வதங்கியது.

“பெற்றோலோட கலக்கிற எண்ணெய் கூடினா, அது எரியாம நீலப்புகையா வரும். நான் அந்தியில அளந்துதான் கலந்து வைக்கிறன், சீதேவி. பிளக்கையும் துடைச்சிட்டன்.”

“அப்ப பெற்றோல் விக்கிறவன்தான் என்னமோ கலக்கிறான். போய்க் கேளுங்க” என்றாள் மனைவி.

“கேட்டன். மத்தப் படகுகளும் அவனிட்டத்தான் வாங்குது. அதுகள் புகையல்லியே.”

வீட்டுக்குத் தூக்கி வந்திருந்த தாங்கியைத் திறந்து, பெற்றோலில் விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்தான். கலந்த அளவுக்கு மீறி எண்ணெய் வழுவழுத்தது.

“ஆரோ எரிச்சலில கள்ளமா எண்ணெய் ஊத்துறான். ஆளைப் பிடிக்காம விடமாட்டன்.”

அரிசி புடைத்துக்கொண்டிருந்த சீதேவியின் சுளகு நின்றது.

“ஒருத்தரும் இல்ல, நான்தான். இந்த நாட்டுச் சண்டைக்குள்ள இஞ்சின் தேய்ஞ்சா மாத்துச் சாமானுக்கு எங்க போற? அண்ணன் தந்த எண்ணெய் டின்னில இருந்து நாளும் விடிய ஒரு சிரட்டை ஊத்திவிடுறன்.”

தங்கராசாவுக்குச் சிரிப்பு வந்தது. “என்ட தலைக்குக்கூட நீ இவ்வளவு எண்ணெய் வச்சதில்லகா.”

மறுநாளிலிருந்து எண்ணெய் கலப்பது சீதேவியின் வேலையானது. இருவரும் தனித்தனியே ஊற்றியதற்குப் பதிலாக, அளவு மூடியால் அளந்து அவள் ஒருத்தி மட்டும் ஊற்றினாள். படகு புகையாமல் கரைக்கு வந்தது. பக்கீர் முதலாளி ஐஸ் பெட்டியைத் திறந்தார்.