காரணம் பதிவாகட்டும்

“இந்த நீதிபதி ரொம்பக் கறாருங்க. வேற கோர்ட்டுக்கு மாத்திக் கேக்கலாமா?” என்றார் வக்கீல் ஜெனித்.

“வேணாம் சார். இவரே விசாரிக்கட்டும்,” என்றாள் பவுலின்.

அவள் வீட்டுக்குப் போகும் பாதையை அடைத்த பக்கத்து வீட்டுக்காரர், உறவுகளோடு வந்திருந்தார். திண்டிவனம் நீதிமன்றத்தில் அவளுக்கென்று யாருமில்லை.

மனுவைப் படித்த நீதிபதி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். “இந்த வழக்கை நான் விசாரிக்கக் கூடாது. விழுப்புரத்துக்கு அனுப்பலாம்.”

“காரணத்தைப் பதிவு செய்யணுங்க, ஐயா,” என்றார் ஜெனித்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “மனுதாரர் என் மகள்.”

வெளியே வந்ததும் ஜெனித் சலித்துக்கொண்டார். “முன்னாடியே சொல்லியிருந்தா இந்தப் பேஜாரு இல்லையே, மேடம். இனிமே கேஸு இழுத்துக்கினே போவும்.”

“போவட்டும் சார்.” பவுலின் கண்களைத் துடைத்துக்கொண்டாள். “என் கல்யாணத்துக்கப்புறம் தனக்குப் பொண்ணே இல்லைன்னவரு, இன்னிக்கு எல்லாரு எதிர்லயும் சொல்லிட்டாரு.”