ஒன்பதாவது கேள்வி

“கொப்பாவிட்டக் கேள், கையெழுத்து வைக்கப் பேனை கொண்டுவந்தவரோ எண்டு.”

அப்பா மேசைக்கு அந்தப் பக்கம், அம்மாவுக்கு நேரெதிரே இருந்தார். நான் கேட்டேன். கொண்டுவந்திருந்தார்.

அவர்கள் பிரிந்து ஐந்து வருடம். ஒரு வாரம் நான் இக்காஸ்ட் ஊரில் அம்மாவோடு, மறுவாரம் ஹேர்னிங்கில் அப்பாவோடு. இடையில் ரயிலேறித் தனியாகப் போய்வருவேன். பார்சலுக்குக் கால் இருப்பதால் அனுப்புகிறவரும் பெறுகிறவரும் முகம் பார்க்கத் தேவையில்லை.

வருடத்தில் ஒரு நாள் தவிர.

தனியாக வாழும் தாய் என்பதால் அம்மாவுக்குப் பிள்ளைப்பணம் கொஞ்சம் கூட வரும். ‘இன்னமும் தனியாகத்தான் இருக்கிறேன்’ என்று அவர் வருடாவருடம் அரசுக்கு உறுதி சொல்ல வேண்டும். அந்தப் படிவத்தில் தாயும் தகப்பனும் ஒரே மேசையில் இருந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்பது விதி.

பிரிந்திருப்பதை நிரூபிக்கச் சேர்ந்து இருக்க வேண்டும். டென்மார்க் அப்படித்தான் யோசிக்கும் என்று இருவரும் ஏற்றுக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வரும் டேனிஷ் கடிதங்களை எட்டு வயதிலிருந்து நான்தான் வாசித்துச் சொல்கிறேன். நான் விரல் வைத்த இடத்தில் இருவரும் கையெழுத்து வைப்பார்கள்.

இன்று கடைசிப் படிவம். சனிக்கிழமை எனக்குப் பதினெட்டு. பதினெட்டோடு பிள்ளைப்பணம் நிற்கும், படிவமும் நிற்கும். பிறகு அப்பா அம்மாவின் வீட்டுப் படியேற ஒரு காரணமும் இல்லை.

கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். அவசரப்படவில்லை.

ஒன்பதாவது: ‘மற்றவரின் வீட்டில் பிள்ளைக்கு மிகவும் பிடித்தது எது?’

அப்பா ஜன்னலைப் பார்த்தார். “கொம்மான்ர நண்டுக்கறி எண்டு எழுது.”

“பிள்ளைக்குப் பிடிச்சதைத்தான் கேக்கினம். அவருக்குப் பிடிச்சதை இல்லை எண்டு சொல்லு,” என்றபடி அம்மா அடுப்பிலிருந்து சட்டியை இறக்கினார்.

நண்டுக்கறி. ஒவ்வொரு வருடமும், தற்செயலாக, அன்றைக்கு நண்டுக்கறிதான்.

அப்பா இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டார். கைகழுவி வந்து கையெழுத்து வைத்தார். பேனையை மூடவில்லை.

“இனி ஒண்டும் இல்லையோ, தம்பி?”

அம்மா, துடைத்த மேசையை மறுபடி துடைத்தார்.

“இருக்கு அப்பா,” என்றேன். “பதினெட்டுக்கு மேல படிக்கிற பிள்ளையளுக்கு வேற படிவம். மூண்டு மாதத்துக்கு ஒருக்கா.”

“உவங்கள் மனுசரை நிம்மதியா இருக்க விடமாட்டாங்கள்!”

அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே போனை எடுத்து, நாட்காட்டியில் நான்கு தேதிகளையும் குறித்தார். போகும்போது அவர் மெல்லமாக விசிலடித்தது படிக்கட்டு முழுக்கக் கேட்டது.

அம்மா படிவத்தை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“பள்ளிக்கூடத்துப் பிரிண்டருக்கு மை மாத்தச் சொல்லு. போன வருஷமும் முத்திரை வெளிறித்தான் இருந்தது.”

நான் சப்பாத்தைப் பார்த்தேன்.

“மெய்யான படிவத்தை நான் தை மாதமே போனில அனுப்பிட்டன். அதுக்கு ஒருத்தரும் வரத் தேவையில்லை.”

சட்டியைக் கழுவப் போனவர், குழாயைத் திறக்காமல் திரும்பினார்.

“மூண்டு மாதம் கூடிப்போச்சு. மாதம் ஒருக்கா எண்டு போடு.”