பதில் ஆள்

“பந்து வீசறவனுக்குப் பதிலா இன்னொருத்தன் வந்து மட்டை பிடிக்கறதா? இந்த ஒரு விதியால பேஸ்பாலே கெட்டுப்போச்சு!” ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையில், செயின்ட் லூயிஸ் அணியின் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்த டிவி முன்னால் வெண்டல் குதித்தான்.

“அடிக்கத் தெரியாதவனை ஏன் மாப்பிள்ளை நிக்க வெச்சு வதைக்கணும்? தெரிஞ்சவன் அடிக்கட்டுமே!” மாமியார் டோலரஸும் விடவில்லை.

“பயந்தாங்கொள்ளிங்க பேச்சு அத்தை அது! அவனவன் முறைக்கு அவனவன்தான் போய் நிக்கணும்!”

கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். “உங்க மனைவிக்கு வலி அதிகமாயிடுச்சு. பிரசவ அறைக்குள்ள கூட ஒருத்தர் வரலாம்.”

வெண்டலின் முகம் வெளுத்தது. “அத்தை... ரத்தத்தைப் பார்த்தா எனக்கு மயக்கம் வரும். எனக்குப் பதிலா நீங்க...”

டோலரஸ் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“நான் இப்பதான் உங்க கட்சிக்கு மாறினேன் மாப்பிள்ளை. போங்க, உங்க முறை!”