காய்க்காத பரங்கிக்கொடி

அடுத்த வீட்டில் பரங்கிப்பூ பஜ்ஜி பொரியும் வாசனை மதில் தாண்டி வந்தது. ராஜாராமனுக்கு அது மூக்கில் நிற்காமல் நேரே தலைக்கு ஏறியது.

கொடியில் இன்றும் வெறும் காம்புகள்தான். நேற்றுச் சாயங்காலம் மூன்று மொட்டுகள் விரியத் தயாராக இருந்தன. விடிந்து, குழந்தைகளோடு அவர் கொல்லைத் தோட்டத்துக்கு வருவதற்குள் யாரோ கிள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

பூ காயாவதைக் குழந்தைகள் கண்ணால் பார்க்க வேண்டும், பார்த்ததைச் சிலேட்டில் வரைய வேண்டும். விஞ்ஞானத்துக்கும் சித்திரத்துக்கும் இதைவிட நல்ல பள்ளிக்கூடம் பவானிபூரிலேயே கிடையாது என்பது அவர் கட்சி. அண்ணா வெங்கடராமனின் கட்சி வேறு.

"தை பொறக்கறதுக்குள்ள ஒரு பிஞ்சையாவது காட்டுடா. இல்லேன்னா பந்தலைப் பிரிச்சுட்டு, ரெண்டு கொழந்தைகளையும் வாத்தியார்கிட்ட மனப்பாடம் பண்ண அனுப்பிடுவேன்" என்று சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிறவர். அந்த வாத்தியாரின் பிரம்பை ராஜாராமன் பார்த்திருக்கிறார்.

"அப்பா, வரைஞ்சுட்டேன்." மகள் காமு சிலேட்டை நீட்டினாள்.

நன்றாக விரிந்த பரங்கிப்பூ. கீழே கொடியுமில்லை, இலையுமில்லை. ஏதோ ஓர் உருண்டை.

"கொடியில பூவே இல்லை. விரிஞ்ச பூவை நீ எங்கேடி கண்டே?"

"நெஜமா பாத்தேம்ப்பா, கார்த்தாலதான்..."

"பொய் வேறயா? பாக்காததை வரையப்படாதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

உள்ளங்கையால் சிலேட்டை அழித்தார். காமுவின் உதடு பிதுங்கியது. மதிலுக்கு அப்பால் எண்ணெய் சீறிக்கொண்டிருந்தது.

அவள் தம்பி அனந்துவுக்கு அது பொறுக்கவில்லை. "அப்பா, பக்கத்தாத்து மாஷிமா நேத்து எனக்கு ரெண்டு பஜ்ஜி குடுத்தா. நன்னா மொறுமொறுன்னு இருந்தது."

"நம்மாத்துப் பூவை நமக்கே பொரிச்சுப் போடறாளா அந்த வங்காளி மாமி? இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்!"

தினமும் இந்தப் பாடம் முடிந்ததும் கொல்லைக் கதவு வழியாகவே டிராமுக்கு ஓடுகிறவர், இன்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசல் பக்கம் விரைந்தார். மாஷிமாவிடம் வங்காளியில் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று வாய் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது.

சமையலறையிலிருந்து நாகலக்ஷ்மி எட்டிப் பார்த்தாள். "ஏன்னா, வாசப்பக்கம் எங்கே கிளம்பிட்டேள்?"

"சண்டைக்கு!"

"போறதுதான் போறேள், கோலத்து நடுவுல சாணி உருண்டைமேல பரங்கிப்பூ வெச்சிருக்கேன், மிதிச்சுடாம போங்கோ!"